நிமிர்ந்த ஒரு கோடு

உள்ளங்கையில் வைத்தால் ஓரங்கள் மட்டும் வெளியே தெரியும், அவ்வளவுதான் அந்தப் பளிங்குத் துண்டு. உயரம் 11 சென்டிமீட்டர், அகலம் 9. மேலே, கீழே, வலப்பக்கம் மூன்றும் உடைந்தவை. இடப்பக்கம் மட்டும் தச்சன் இழைத்து விட்ட விளிம்பு அப்படியே இருந்தது. மூன்று வரிகள். முதல் வரியில் நான்கு எழுத்து, இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் மூன்று எழுத்தும் உடைப்பை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடும். 1997 கோடையில் ஏதென்ஸ் அகோராவில் நானே தனியாகப் பதிவு செய்யும்படி என் கையில் கொடுக்கப்பட்ட முதல் கல் அது.

அகோராவைச் சந்தைத் திடல் என்று மட்டும் சொன்னால் போதாது. ஆட்சிமன்றம் கூடிய கட்டடம், நீதிமன்றங்கள், கோயில்கள், கடைகள், செருப்புத் தைப்பவனின் வீடு எல்லாம் அடுத்தடுத்து இருந்த வெளி அது. அக்ரோபோலிஸ் குன்றுக்கு வடமேற்கே, அடிவாரத்தில் இருக்கிறது. ஏதென்சிலுள்ள அமெரிக்கச் செவ்வியல் ஆய்வுப் பள்ளி 1931 மே 25 அன்று அங்கே அகழத் தொடங்கியது. மேலே ஒரு முழுக் குடியிருப்பே இருந்தது. ஏறத்தாழ 400 வீடுகளை விலைக்கு வாங்கி இடித்துத்தான் கீழே போக முடிந்தது. இடித்த சுவர்களிலேயே கல்வெட்டுகள் வந்தன. பளிங்கு நல்ல கல் அல்லவா? வாசற்படிக்கு ஆகும், கிணற்று வாய்க்கு ஆகும், எதற்கும் ஆகாவிட்டால் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கலாம். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த ஊர் மக்கள் இதையெல்லாம் செய்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் மதிலில் தலைகீழாகக் கிடக்கும் கல்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் அங்கே போனதற்குக் காரணம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் என்னைக் கல்வெட்டுப் படிக்கப் பழக்கிய ஆசிரியர். கோயில் கோயிலாக அழைத்துப் போய்ப் படியெடுக்கக் கற்றுத் தந்தவர். ஒரு முறை, சிதைந்த வரி ஒன்று எவ்வளவு முயன்றும் பிடிபடாமல் போக, நான் கோலமாவை எடுத்துக் கல்லில் தடவப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "மாவு தடவினா நீ படிச்சதுதான் தெரியும் தம்பி, கல்லு தெரியாது" என்றார். அன்று அதைக் கல்லைக் கெடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். பிறகு லண்டனில் படிக்கும் வாய்ப்புக் கிடைத்து, அங்கிருந்து ஒரு கோடைக்காலம் அகோராவுக்குத் தன்னார்வ மாணவனாகப் போனேன்.

பெர்கமோன் அரசன் இரண்டாம் அத்தலோஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஏதென்சுக்கு இந்த அகோராவில் கட்டிக் கொடுத்த இரண்டடுக்கு மண்டபத்தை 1953 முதல் 1956 வரை பழைய அடித்தளத்தின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். 116 மீட்டர் நீளம். கீழ்த்தளத்தில் அருங்காட்சியகம். பார்வையாளர்கள் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மண்டபத்தின் உயிர் இருக்கும் இடம் அடித்தளத்து இருப்பறைகளும் மேல்தளத்துப் பதிவறையும்தான் என்பது என் எண்ணம். மர அடுக்குகளில் கல்வெட்டுத் துண்டுகள் வரிசை வரிசையாக. 7,500-க்கு மேல். இழுப்பறைகளில் பானைகளும் ஓடுகளும். தனியே எண் பெறாத சாதாரண ஓடுகள், எந்தக் குழியில் எந்த அடுக்கில் கிடைத்தனவோ அந்தக் குறிப்போடு தகர டின்களில். அருகிலேயே பிரேயஸ் துறைமுகத்துக்குப் போகும் மின்ரயில் அகழிடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் வேலை.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எழுத்து, ஓர் எண். கல்வெட்டுக்கு 'ஐ', மண்பாண்டத்துக்கு 'பி', சிற்பத்துக்கு 'எஸ்', விளக்குக்கு 'எல்'. லூசி டால்காட் என்ற பெண்மணி 1930களில் ஒழுங்குபடுத்திய முறை. அந்த எண்ணைப் பொருளின் மேலேயே, எழுத்தில்லாத பக்கமாகப் பார்த்து, மெல்லிய மெருகெண்ணெய்ப் பூச்சின் மேல் மையால் பொடியாக எழுத வேண்டும். பிறகு அட்டை. எந்தப் பிரிவில், எந்த நாளில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது; அகழ்ந்தவரின் குறிப்பேட்டில் எந்தப் பக்கம்; அளவுகள்; என்ன கல். பென்டெலி மலைப் பளிங்கா, ஹைமெட்டஸ் மலைப் பளிங்கா என்பதைப் பார்த்தே சொல்லப் பழக வேண்டும். பென்டெலிக் கல் வெள்ளை. அதில் கலந்துள்ள இரும்பினால் காலப்போக்கில் தேன் நிறம் ஏறும். ஹைமெட்டஸ் கல்லில் நீலம் கலந்த சாம்பல் ஓடும். பின்பக்கம் கொத்திவிட்டதா, இழைத்ததா? பல்லுளி பட்ட தடம் இருக்கிறதா? எழுத்தின் உயரம் எத்தனை மில்லிமீட்டர்? ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு?

பின்பக்கத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒரே பலகையின் இரண்டு துண்டுகள் முப்பது ஆண்டு இடைவெளியில், இரு வேறு மூலைகளில் கிடைக்கின்றன. நடுப்பகுதி தொலைந்திருந்தால் எழுத்து ஒன்றோடொன்று தொடாது. அப்போது இரண்டும் ஒரே கல் என்று காட்டிக்கொடுப்பவை கனமும், பின்பக்கத்து உளித்தடமும், எழுத்து இடைவெளியும்தான். அட்டையில் அவற்றை எழுதாமல் விட்டவன் அந்தக் கல்லை இரண்டாவது முறை உடைக்கிறான்.

படியெடுப்பதில் எனக்கு ஓரளவு பழக்கம் இருந்தது என்று நம்பிப் போனேன். அங்கே முறை வேறு. நாம் கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, அதன்பின் மையை ஒற்றுவோம்; மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். அவர்கள் மையே தொடுவதில்லை. வடிதாள் போன்ற கனமான தாளை நனைத்து, கெட்டியான தூரிகையால் அடித்து, கல்லின் மேலேயே காயவிட்டு உரித்தெடுப்பார்கள். தாளே கல்லின் அச்சாகிவிடும். பின்புறம் திருப்பினால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் புடைத்து நிற்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, விரலால் தடவிக்கூடப் படிக்கலாம். அகோராக் கல்வெட்டுகளை வெளியிடுவதில் பெரும்பங்கு வகித்த பெஞ்சமின் மெரிட் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பணியாற்றியவர். கல் ஏதென்சில் இருக்க, படிகளை வைத்துக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் வேலை நடந்திருக்கிறது. மை ஒற்றுவதில் ஒற்றுபவரின் கை கொஞ்சம் பேசிவிடும். மையில்லாத படியில் அந்த ஆபத்துக் குறைவு. அழகு நம்முடைய மைப்படிக்குத்தான்.

என் துண்டின் எழுத்துகள் கட்டம் போட்டாற்போல் அமைந்திருந்தன. கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளில் ஏதென்ஸ் தச்சர்கள் மிகவும் விரும்பிய முறை இது. சதுரங்கப் பலகைபோல் ஒவ்வொரு எழுத்தும் மேல்வரி எழுத்துக்கு நேர் கீழே நிற்கும். சொல் வரிக்கடைசியில் முடியாவிட்டால் கவலையில்லை, அடுத்த வரியில் தொடரும். இதனால் ஒரு பெரிய வசதி. ஏதாவது ஒரு வரியை முழுமையாக மீட்டுவிட்டால், மற்ற வரிகளில் எத்தனை எழுத்து தொலைந்தது என்று எண்ணியே சொல்லலாம். அந்தக் கணக்கில் ஒரு மயக்கமும் இருக்கிறது. எண்ணிக்கை பொருந்துகிறது என்பதற்காகவே நம் ஊகம் உண்மையாகிவிட்டதாகத் தோன்றும்.

மூன்றாம் வரியில் நான் கண்ட மூன்று எழுத்துகள் ஒமிக்ரான், லாம்டா, எப்சிலான்: 'ஒ', 'ல', 'எ'. அதன்பின் உடைப்போரத்தில் அந்த நிமிர்ந்த கோடு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏதென்ஸ் மக்களவையின் தீர்மானங்கள் "ஆட்சிமன்றத்துக்கும் மக்களுக்கும் நன்றெனப் பட்டது" என்ற தொடரோடு தொடங்கும். அதில் 'ஆட்சிமன்றத்துக்கு' என்பது பழைய ஏதென்ஸ் எழுத்துமுறையில் 'பொலெஇ'. முதல் எழுத்து மேல்வரிக் கடைசியில் போயிருக்க வேண்டும். மீதி 'ஒ-ல-எ', அப்புறம் 'இ' எனும் அயோட்டா. அயோட்டா என்பதே நிமிர்ந்த ஒற்றைக் கோடுதான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அட்டையில் நான்கு எழுத்தையும் தெளிவாக எழுதி, 'தீர்மானத்தின் தொடக்கம்' என்றும் குறித்துவிட்டேன்.

பதிவறையைக் கவனித்துக்கொண்ட அம்மையார் அட்டையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "இந்த நான்காவது எழுத்தை எங்கே பார்த்தாய்?" என்று கேட்டார். கோட்டைக் காட்டினேன். "கோட்டைக் காட்டுகிறாய். எழுத்தைக் காட்டு."

ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து, இரண்டாம் வரியின் நான்காவது எழுத்தின் நடுவிலிருந்து நேர் கீழே பிடித்தார். அயோட்டாவாக இருந்தால் தன் கட்டத்தின் நடுவில் நின்றிருக்க வேண்டும். கோடு நடுவில் இல்லை. தெள்ளத்தெளிவாக இடப்பக்கம் தள்ளி நின்றது. அப்படியானால் வலப்பக்கம் கோடுகள் கொண்ட ஏதோ ஓர் எழுத்தின் இடக்கால் அது. எட்டா, கப்பா, நியூ, பை, ரோ, இன்னோர் எப்சிலான் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். வலப்பக்கம்தான் உடைந்துபோய்விட்டதே. அதோடு, 'ஒ-ல-எ' என்பது ஆட்சிமன்றத்தைக் குறிக்கும் சொல்லில் மட்டும் வருவதில்லை. 'போர்' என்னும் பொருளுள்ள 'பொலெமொஸ்' என்பதிலும் வரும். 'நகரத்தின்' என்னும் பொருளுள்ள 'பொலெஒஸ்' என்பதிலும் வரும். கிரேக்கம் படித்திருந்த எனக்கு இவை தெரியாத சொற்களா? தெரியும். நான் தேடிப் போன சொல் கிடைத்துவிட்டதால் மற்றவற்றை நினைக்கவே இல்லை.

மாவு தடவிவிட்டேன். தஞ்சாவூரில் பிடித்துக்கொண்ட அந்தக் கை அங்கே இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை காப்பி நேரத்தில் அம்மையார் ஒரு கல்லின் கதையைச் சொன்னார். துறையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த கதை. எனக்கு அன்றுதான் உறைத்தது. சிசிலித் தீவிலிருந்த எகெஸ்தா என்ற நகரோடு ஏதென்ஸ் செய்துகொண்ட உடன்படிக்கை. தீர்மானம் நிறைவேறிய ஆண்டு எது என்பதை அந்த ஆண்டின் தலைமை அதிகாரி பெயரை வைத்துத்தான் அறிய வேண்டும். கல்லில் அந்தப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள்தாம் ஐயமில்லாமல் தெரிகின்றன. முன்னால் இருப்பவை தேய்ந்த தடங்கள். 'ஹாப்ரோன்' என்று படித்தால் கி.மு. 458/7. 'அந்திஃபோன்' என்று படித்தால் கி.மு. 418/7. நடுவில் 40 ஆண்டுகள். சிக்மா எழுத்தை மூன்று கோடுகளில் வெட்டும் பழைய வழக்கம் கி.மு. 446-ஐ ஒட்டி முடிந்துவிட்டது என்பது அறிஞர் பலரின் உறுதி. இந்தக் கல்லிலோ மூன்று கோட்டுச் சிக்மா. ஆகவே 'அந்திஃபோன்' இருக்கவே முடியாது என்றார்கள். ஹரால்டு மாட்டிங்லி என்ற ஆங்கிலேய அறிஞர் மட்டும் அந்த விதியே தவறு என்று 1960களிலிருந்து வாதாடிக்கொண்டிருந்தார். 1990-இல் மார்டிமர் சேம்பர்சும் அவர் கூட்டாளிகளும் லேசர் ஒளியைக் கொண்டு கல்லை ஆராய்ந்து 'அந்திஃபோன்' என்று வெளியிட்டார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட வாசிப்பு அதுதான். அந்த ஓர் ஆண்டு மாறியதும், சிக்மாவை வைத்துக் காலம் கணித்த மற்றக் கல்வெட்டுகளும் கேள்விக்குள்ளாயின. ஏதென்ஸ் தன் நட்பு நாடுகளை எப்போது அடிமை நாடுகளாக நடத்தத் தொடங்கியது என்ற பெரிய கேள்வியே அதில் அடங்கியிருந்தது.

1931-இல் லெய்டன் நகரில் அறிஞர்கள் கூடி வகுத்த குறியீடுகளைத்தான் இன்றும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். தொலைந்துபோனதை ஊகித்து எழுதினால் பகர அடைப்புக்குள் வைக்க வேண்டும். சிதைந்த எழுத்தின் அடியில் புள்ளி வைக்க வேண்டும். எழுத்து இன்னதென்று தெரியாமல் தடம் மட்டும் இருந்தால் தடத்தை விவரிக்க வேண்டும். தேர்வுக்காக இதை நான் மனப்பாடம் செய்திருந்தேன். எவ்வளவு பெரிய நேர்மை அந்த அடைப்புக்குள் இருக்கிறது என்பதை ஓர் அளவுகோலும் ஓர் அம்மையாரும் சேர்ந்துதான் எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

கல் வேலை இல்லாத நாள்களில் ஓடு கழுவும் தொட்டியடியில் உட்காருவோம். தண்ணீரில் போடுவதற்கு முன் ஒவ்வோர் ஓட்டையும் நாற்புறமும் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். கீறிய எழுத்து நீருக்குத் தாங்கும். சுட்டபின் வண்ணத்தால் எழுதியது ஒரே தேய்ப்பில் போய்விடும். கீறலிலும் ஏமாற்று உண்டு. கடப்பாறைக் காயம் புதிதாக, வெளிறித் தெரியும். பழைய எழுத்தின் பள்ளத்தில் மண் கெட்டித்து, உடம்போடு ஒரே நிறமாகியிருக்கும்.

ஏதென்ஸ் மக்கள் ஓட்டுச்சில்லையே வாக்குச்சீட்டாகப் பயன்படுத்தியவர்கள். ஆண்டுக்கொரு முறை, நாட்டுக்கு ஆபத்தானவன் என்று கருதுபவனின் பெயரை உடைந்த ஓட்டில் கீறிப் போடலாம். 6,000 ஓடுகள் சேர்ந்தால்தான் செல்லும். அகப்பட்டவன் பத்தாண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். அகோராவில் அப்படிப்பட்ட ஓடுகள் 1,100-க்கு மேல், கெரமெய்கோஸ் என்ற இடத்தில் 8,000-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. 1937-இல் அக்ரோபோலிஸ் வடசரிவில் ஆஸ்கர் ப்ரோனீர் அகழ்ந்த கிணறு ஒன்றில் 190 ஓடுகள் ஒரே குவியலாக இருந்தன. எல்லாவற்றிலும் சலாமிஸ் கடற்போரை வென்ற தெமிஸ்தொக்ளெஸ் பெயர். எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் 14 பேரின் கைகள்தாம். அதாவது முன்கூட்டியே எழுதி அடுக்கி, வாக்களிக்க வருபவர்களிடம் கொடுப்பதற்காக யாரோ தயார் செய்தவை. இந்த உண்மை எந்தத் தனி ஓட்டிலும் இல்லை. ஒரே கிணற்றில் ஒன்றாகக் கிடந்தன என்ற குறிப்பில் இருக்கிறது. அவை ஒவ்வொன்றாகப் பழம்பொருள் கடைக்குப் போயிருந்தால் 190 ஓடுகள் இருந்திருக்கும், இந்தச் செய்தி இருந்திருக்காது.

சீமோன் கிண்ணத்தையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். கருமெருகு பூசிய கிண்ணம் ஒன்றின் அடிப்பாகம். அதில் 'சீமோனோஸ்', அதாவது 'சீமோனுடையது' என்று கீறல். 'நான் அகோராவின் எல்லை' என்று தானே பேசுவதுபோல் எழுதிய எல்லைக்கல்லை ஒட்டிய வீட்டருகே கிடைத்தது. அங்கேயே செருப்பில் அடிக்கும் குட்டையான இரும்பாணிகளும், கயிறு கோக்கும் எலும்பு வளையங்களும் கிடைத்தன. சாக்ரடீஸ் போய் உட்கார்ந்து பேசியதாகச் சொல்லப்படும் செருப்புத் தைக்கும் சீமோன் இவன்தானா? இருக்கலாம் என்றே நானும் நம்ப விரும்புகிறேன். ஆனால் அந்த விருப்பத்துக்கு இடம் கட்டுரையில். அட்டைக்கு வேண்டியவை கிண்ணமும், கீறலும், ஆணிகள் கிடந்த தூரமும்தான்.

அந்தக் கிண்ண அடியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது ஊர் நினைவு வராமல் இல்லை. கொடுமணலிலும் நம்மவர்கள் பானையோட்டில் இப்படித்தானே பெயர் கீறினார்கள். பின்னாளில் கீழடியில் 'குவிரன் ஆதன்' வந்தான். எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல்-காதிமில் கிடைத்த தமிழ் பிராமி ஓட்டில், பானையைத் தொங்கவிடும் உறியைக் குறிக்கும் சொல்லை ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். இந்த ஓடுகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெருமைப்படுகிறோம், படுவோம். ஆனால் எந்தக் குழி, எந்த அடுக்கு, எதோடு கிடந்தது, எந்த எழுத்து தெளிவு, எது ஊகம் என்பதையும் அதே ஆசையோடு கேட்கும் வாசகர்கள் நமக்கு வேண்டும். கேட்பவர்கள் இருந்தால்தான் எழுதுபவர்கள் கவனமாக எழுதுவார்கள்.

அந்தக் கோடையின் கடைசி வாரத்தில் எங்கள் தொட்டியில் ஓர் ஓடு வந்தது. கிண்ண விளிம்பு, கட்டை விரல் அகலம், அதில் ஆல்ஃபா, ரோ என்று இரண்டே எழுத்து. பக்கத்திலிருந்த மாணவன் 'அரிஸ்தெய்தெஸ்' என்று கூவினான். கி.மு. 482-இல் ஓட்டு வாக்கால் ஊரைவிட்டுப் போன அரிஸ்தெய்தெஸ்தான். ஆனால் 'அர்' என்று தொடங்கும் பெயர்கள் ஏதென்சில் எத்தனையோ உண்டு. அட்டையை நான்தான் எழுதினேன். ஆல்ஃபா, ரோ, வலப்பக்கம் உடைவு. அவ்வளவுதான் எழுதினேன்.

என் பளிங்குத் துண்டுக்கு இணை தேட அம்மையார் இரண்டு மதியங்கள் ஒதுக்கிக் கொடுத்தார். கனமும் எழுத்து இடைவெளியும் நெருங்கி வந்த 11 துண்டுகளை அடித்தளத்து அடுக்குகளிலிருந்து எடுத்து வந்து, மணல் பரப்பிய தட்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். சேரும் துண்டு சேரும்போது விரலுக்குத் தெரியும் என்பார்கள். அசைத்தாலும் அசையாமல் கவ்வி நிற்குமாம். எதுவும் கவ்வவில்லை. பதினொன்றையும் அதனதன் எண் பார்த்து அதனதன் இடத்தில் திரும்ப வைத்தேன். முதல் அட்டையை அடித்துவிட்டுப் புதிய அட்டை எழுதினேன். அடித்த அட்டையையும் அம்மையார் தூக்கி எறியவில்லை. பின்னால் செருகி வைத்தார்.

மூன்றாம் வரி, நான்காம் இடம்: நிமிர்ந்த கோடு, கட்டத்தின் இடப்பாதியில். எனக்குத் தெரிந்தவரை அந்தத் துண்டோடு இன்னும் எதுவும் சேரவில்லை.